அத்தைக்கு உதிரிப்பூ

உடம்புக்கு முடியாதவரைப் பார்க்க நம் ஊரில் யாரும் பூவோடு போவதில்லை. சாத்துக்குடி, ஆப்பிள், ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில். நெருங்கிய சொந்தமென்றால் கிளம்பும்போது கையில் ஐந்நூறு ரூபாயைத் திணிப்போம். பூவுக்கு நம்மிடம் வேறு வேலைகள் உண்டு: சாமிக்கு, தலைக்கு, கல்யாணத்துக்கு, சாவுக்கு. படுத்திருப்பவர் பக்கத்தில் சம்பங்கி மாலையோ உதிர்ந்த ரோஜா இதழோ கிடந்தால் பார்க்கிறவர்களுக்கே வயிற்றைக் கலக்கும்.

இடுப்பெலும்பு முறிந்து, அறுவைச் சிகிச்சை முடிந்து, அத்தை மதுரையில் தன் வீட்டுக்குத் திரும்பியிருந்தார். சர்க்கரை உள்ளவர். வந்து குவிந்த பழத்தையெல்லாம் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள்தான் தின்று தீர்த்தார்கள். அதனால் பூதான் என்று முடிவு செய்தேன்.

என்ன பூ என்பதில்தான் சிக்கல். மாமா போன பிறகு அத்தை தலையில் பூ வைப்பதில்லை. யார் சொல்லியும் கேட்டதில்லை. நான் வற்புறுத்துவதும் இல்லை. அவருக்கு நான்கு முழம் மல்லிகைச் சரத்தை வாங்கிக்கொண்டு போய் நிற்க முடியாது. பூங்கொத்து ஏற்கெனவே ஒன்று வந்திருந்தது, அவருடன் வேலை பார்த்த ஒருவரின் மகன் அனுப்பியது. ஜெர்பராவும் கார்னேஷனும், காம்பு சாயாமல் இருக்கக் கம்பி, சுற்றிலும் கரகரவென்று கண்ணாடிக் காகிதம். அத்தை அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதைத் தொடுக்கவும் முடியாது, சாமிக்குச் சாத்தவும் முடியாது. எதற்கு இது?" என்றார். கேள்வி நியாயம்தான் என்று எனக்கும் பட்டது.

மருத்துவமனையில் இருந்தபோது இந்தக் கேள்விக்கே இடமில்லை. தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் பூவை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். பூச்சாடித் தண்ணீரில் சூடோமோனாஸ் போன்ற பாக்டீரியாக்கள் செழித்து வளர்வதைப் பற்றி 1973-லேயே லான்செட் இதழில் எழுதிவிட்டார்கள். தொட்டி மண்ணில் ஆஸ்பர்ஜில்லஸ் என்ற பூஞ்சை இருக்கும். நமக்கு அது ஒன்றும் செய்யாது. கீமோதெரபியால் வெள்ளை அணுக்கள் குறைந்திருப்பவருக்கு நுரையீரலில் போய் உட்கார்ந்துவிடும். அவர்களுக்குப் பூவும் வேண்டாம், செடியும் வேண்டாம். மருந்தின் குமட்டலில் இருப்பவருக்கு வாசனையே எதிரி. எங்கள் தெருவில் ஒரு அக்கா, பிறந்தது முதல் மல்லிகைக்கு நடுவில் வளர்ந்தவர், சிகிச்சை நாட்களில் வாசலில் பூக்காரம்மா குரல் கேட்டாலே ஜன்னலைச் சாத்தச் சொல்வார். 2013-இல் புவிசார் குறியீடு வாங்கிய எங்கள் ஊர்ப் பூவுக்கு இப்படியும் ஒரு மரியாதை.

அத்தைக்கு அந்தத் தொந்தரவெல்லாம் இல்லை. இடுப்புக்குக் கீழேதான் கட்டுப்பாடு. கைகள் சும்மா கிடந்தன. அதுதான் அவரைத் தின்றுகொண்டிருந்தது. எனவே மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் உதிரியாக வாங்கினேன்: மல்லிகை மொட்டு கால் கிலோ, கனகாம்பரம் நூறு கிராம், ஒரு கட்டு மரிக்கொழுந்து, வாழைநார். கனகாம்பரம் எடையே இல்லாத பூ. நூறு கிராம் என்றால் பை நிறைந்துவிடும். வாசனையும் கிடையாது, மல்லிகையைப் போல அன்றைக்கே வாடுவதும் இல்லை. நோயாளிக்குப் பூ வாங்குகிறவர்கள் ஏன் இதை நினைப்பதே இல்லை என்று தெரியவில்லை.

தலையணையை நிமிர்த்திச் சாய்ந்து உட்கார வைத்தோம். மடியில் முறம், பக்கத்தில் கிண்ணத்தில் நனைத்த நார். இரண்டு மொட்டை இந்தப் பக்கம், இரண்டை எதிர்ப்பக்கம், காம்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக விரலிடுக்கில் பிடித்துக்கொண்டு, நாரை ஒரு சுற்றுச் சுற்றி, விரலில் வளையம் எடுத்து, காம்பில் மாட்டி இழுத்தார். கண் டிவியில் இருந்தது. நான்கு கண்ணி மல்லிகை, ஒரு கண்ணி கனகாம்பரம், நடுவில் மரிக்கொழுந்தைக் கிள்ளி ஒன்று. கதம்பம் முழம் முழமாக முறத்தில் சுருண்டது. பாதி சாமி படத்துக்கு, பாதி பேத்தியின் பின்னலுக்கு. மூன்று கண்ணிக்கு ஒருமுறை எனக்குத் திட்டு: மொட்டு முந்தின நாளுடையது, மரிக்கொழுந்து முற்றல், காசைக் கரியாக்கிவிட்டாய். அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு அந்தக் குரலை அவ்வளவு தெம்பாக நான் கேட்டிருக்கவில்லை.

செடியும் ஒன்று வைத்தோம், அறைக்குள் இல்லை. பெயின்ட் டப்பாவில் பத்து மணிப் பூ, படுத்தபடியே தெரிகிற மாதிரி ஜன்னலுக்கு வெளியே திட்டில். காம்பைக் கிள்ளி நட்டாலே பிடித்துக்கொள்ளும், வேண்டியதெல்லாம் வெயில்தான். அமெரிக்காவில் ரோஜர் உல்ரிச் என்பவர் பித்தப்பை அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களின் பதிவுகளை ஒப்பிட்டு 1984-இல் சயன்ஸ் இதழில் எழுதினார். ஜன்னல் வழியே மரம் தெரிந்த 23 பேர், செங்கல் சுவர் மட்டும் தெரிந்த 23 பேரைவிடச் சற்று முன்னதாக வீடு திரும்பினார்கள். வீரியமான வலி மருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது. சின்ன ஆய்வுதான். அத்தையிடம் சொன்னேன். "மரத்தைப் பார்த்தால் எலும்பு கூடுமா?" என்று கேட்டுவிட்டு, டப்பாவை இன்னும் கொஞ்சம் இடப்பக்கம் தள்ளி வைக்கச் சொன்னார்.

கைக்கு வேலை கொடுக்க முடியாத நோயாளிகளும் உண்டு. அவர்களுக்கு உதிரிப்பூ வாங்கிப் போனால் பக்கத்தில் இருப்பவருக்குத்தான் வேலை கூடும். அங்கே சாத்துக்குடியே மேல், உரித்துக் கொடுத்துவிட்டு வரலாம். அத்தை வீட்டில் அடுத்த வெள்ளிக்கிழமைக்கு எனக்குப் பட்டியல் தயார்: அரைக் கிலோ மொட்டு, காலை ஆறு மணிக்குள், அதே கடையில் வாங்கக் கூடாது.