சூடேறினால் வலுக்கும் காந்தம்

மின்சார ஸ்கூட்டர் மோட்டாருக்குள் இருக்கும் காந்தத்துக்குப் பெரிய எதிரி வெப்பம். நியோடிமியம், இரும்பு, போரான் சேர்ந்த அந்தக் காந்தத்தை 1980களின் தொடக்கத்தில் ஜப்பானில் மசாட்டோ சாகாவாவும் அமெரிக்காவில் ஜான் குரோட்டும் தனித்தனியே கண்டுபிடித்தார்கள், இன்று வரை விற்பனைக்கு வருவதில் அதுதான் வலுவானது. ஆனால் 150 டிகிரியை நெருங்கினால் எதிர்த்திசைக் காந்தப்புலத்தைத் தாங்கும் சக்தி, அதாவது கோயர்சிவிட்டி, மளமளவென்று இறங்கிவிடும். அதைச் சரிக்கட்டத்தான் டிஸ்ப்ரோசியம் என்ற அருமண் உலோகத்தைச் சேர்க்கிறார்கள். 2025 ஏப்ரலில் சீனா அதன் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு போட்டதும் இந்திய வாகன நிறுவனங்கள் காந்தத்துக்குத் திண்டாடின. கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சி மணலில் மோனசைட் என்ற அருமண் கனிமம் இருக்கிறதே என்று கேட்பீர்கள். இருக்கிறது, நியோடிமியமும் எடுக்கலாம், ஆனால் டிஸ்ப்ரோசியம் அதில் பேருக்குத்தான்.

நான் பிஎச்டிக்கு எடுத்திருப்பது மாங்கனீசு-பிஸ்மத். தனித்தனியாக இரண்டுமே காந்தத்தில் ஒட்டாது, சேர்ந்தால் நிரந்தரக் காந்தம். அதைவிட முக்கியம், அறை வெப்பநிலையிலிருந்து சூடாக்கச் சூடாக்க, ஒரு கட்டம் வரை, இதன் கோயர்சிவிட்டி கூடிக்கொண்டே போகும். காந்தத்தன்மையை அளக்கும் விஎஸ்எம் கருவியில் பொடியை வைத்து வெப்பநிலையை ஏற்றினால், திரையில் வரும் காந்த வளையம் (உயரம் காந்த வலு, அகலம் கோயர்சிவிட்டி) உயரத்தில் கொஞ்சம் குறைந்து அகலத்தில் விரிந்துகொண்டே வரும், எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்கவில்லை.

செய்வதுதான் பெரும்பாடு. பிஸ்மத் 271 டிகிரியிலேயே உருகிவிடும், மாங்கனீசுக்கு 1246 வேண்டும். சேர்த்து உருக்கிக் குளிரவிட்டால் மாங்கனீசு முந்திக்கொண்டு தனியாக உறைந்துவிடுகிறது, 446 டிகிரிக்கு வந்த பிறகுதான் அதைச் சுற்றிச் சேர்மம் தோல் மாதிரி படியும், அப்புறம் உள்ளே இருக்கும் மாங்கனீசு வெளியே வந்து பிஸ்மத்தோடு சேர்வது லேசில் நடக்காது. அதனால் 300 டிகிரி பக்கம் மணிக்கணக்காக வைத்திருக்க வேண்டும். அவசரப்பட்டு 355ஐத் தாண்டினால் படிக அமைப்பே மாறிக் காந்தத்தன்மை போய்விடும்.

நியோடிமியத்துக்கு இதுதான் மாற்று என்று சிலர் எழுதுவதை நான் ஏற்கவில்லை. அறை வெப்பநிலையில் கோட்பாட்டளவில்கூட நியோடிமியக் காந்தத்தின் ஆற்றலில் மூன்றில் ஒரு பங்குதான் இதில் வரும். ஆனால் ஃபெரைட் என்ற மலிவான சாதாரணக் காந்தத்துக்கும் நியோடிமியத்துக்கும் நடுவே பெரிய இடைவெளி இருக்கிறது, சூடான மோட்டாரில் அந்த இடம் இதற்குப் பொருந்தும் என்று உறுதியாக நம்புகிறேன்.

இப்போது என் வேலை முழுக்க அரைப்பதில்தான். துகள் சிறிதானால் கோயர்சிவிட்டி ஏறுகிறது, ரொம்ப அரைத்தால் சேர்மம் உடைந்து படிக அமைப்பைக் காட்டும் எக்ஸ்ரே வரைபடத்தில் பிஸ்மத் முகடு தனியாகத் தலைகாட்டுகிறது. அடுத்து திரவ நைட்ரஜனில் குளிரவைத்து அரைத்துப் பார்க்கப் போகிறேன். யாராவது செய்திருந்தால், எவ்வளவு நேரம் அரைத்தீர்கள் என்று சொல்லுங்கள்.