வெட்டியது வேறு பள்ளியில், நோட்டீஸ் எனக்கு

2025 மார்ச்சில் எங்கள் பள்ளி மாவட்டம், அதாவது எங்கள் பகுதி அரசுப் பள்ளிகளை நடத்தும் நிர்வாகம், ஒரு கிளார்க் இடத்தை வெட்டியது. அது என் இடம் அல்ல, என் பள்ளியும் அல்ல. ஆனாலும் பணிநீக்க நோட்டீஸ் எனக்குத்தான் வந்தது. கலிஃபோர்னியா அரசுப் பள்ளிகளில் ஆசிரியர் அல்லாத வேலையில், அதாவது ஆபீஸ், வகுப்பு உதவி, பஸ், சமையலறை இவற்றில், நம்மவர்கள் கணிசமாக இருக்கிறோம். அதனால் இதை விவரமாகவே எழுதுகிறேன்.

காரணம் பழைய காரணம்தான். இங்கே பள்ளிக்கு வரும் பணம் பிள்ளைகளின் தினசரி வருகைக் கணக்கைப் பொறுத்தது. பிள்ளைகள் குறைந்துகொண்டே வந்தார்கள். கோவிட் நிவாரணப் பணமும் தீர்ந்திருந்தது.

நான் ஆறு வருஷம் வகுப்பு உதவியாளர், அதன்பின் இரண்டு வருஷம் ஆபீஸ் கிளார்க். எட்டு வருஷ சர்வீஸ் இருக்கிறது, நம்மை யார் அசைக்கப் போகிறார்கள் என்று தோன்றும். ஆனால் லேஆஃப் (பணிநீக்க) வரிசைக்கு மொத்த சர்வீஸைப் பார்ப்பதில்லை. குறிப்பிட்ட பணிப்பிரிவிலும் அதற்கு மேலான பிரிவுகளிலும் எத்தனை காலம் என்பதுதான் கணக்கு. கிளார்க்குகளில் நான் கடைசி ஆள். இடம் போன பள்ளியின் கிளார்க் எனக்கு மூத்தவர். அவர் என் நாற்காலிக்கு வந்தார். இதைத்தான் 'பம்பிங்' என்கிறார்கள்.

அதே விதி இன்னொரு பக்கம் எனக்குக் கைகொடுத்தது. எங்கள் மாவட்டத்தில் கிளார்க் வேலை உதவியாளரை விட மேல்பிரிவு. எனவே உதவியாளர் பட்டியலில் என் ஆறு வருஷத்தோடு கிளார்க் வருஷம் இரண்டும் சேரும். யூனியன் பிரதிநிதி சீனியாரிட்டி பட்டியலை எடுத்து வைத்துப் பார்த்தபோது, அங்கே என் பெயருக்கு நேரே ஆறு மட்டும்தான் இருந்தது. எழுத்தில் கேட்டோம், திருத்தினார்கள். எங்கள் யூனியன் ஒப்பந்தத்தில் வேலைக்குச் சேர்ந்த தேதியை வைத்துக் கணக்கு. சம்பளம் பெற்ற மணிநேரங்களைக் கூட்டும் மாவட்டங்களும் உண்டு. அங்கே ஒரு நாளைக்கு மூன்று மணிநேரமே வேலை பார்ப்பவர் பல வருஷம் இருந்தும் பின்தங்கிவிடலாம். உங்கள் ஒப்பந்தம் எதைச் சொல்கிறது என்று நோட்டீஸ் வருவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள்.

முன்பெல்லாம் எங்களுக்கு 60 நாள் நோட்டீஸ் மட்டும்தான். 2022 ஜனவரியில் ஏபி 438 சட்டம் நடைமுறைக்கு வந்தபின், ஆசிரியர்களைப் போலவே எங்களுக்கும் மார்ச் 15-க்குள் முதல் நோட்டீஸ், மே 15-க்குள் இறுதி முடிவு. நடுவில் நிர்வாக நீதிபதி முன் விசாரணை கேட்கலாம். கடிதத்தில் உள்ள கெடுவுக்குள் கேட்காவிட்டால் அந்த உரிமை போய்விடும். பட்டியல் சரியாகிவிட்டாலும் நான் கேட்டு வைத்தேன். ஆனால் இத்தனை பணியிடம் குறைப்பது நியாயமா என்று விசாரணையில் வாதாடி ஜெயிப்பது கடினம். வரிசையில் பிழை இருந்தால் அதுதான் நிற்கும்.

உதவியாளர் பிரிவுக்கு இறங்கச் சம்மதித்தேன். அப்படியென்றால் அந்தப் பிரிவின் கடைசி ஆள் வெளியே. அவளும் தமிழ்ப் பெண், என்னோடு ஒரே வகுப்பில் வேலை பார்த்தவள். யாரை நகர்த்துவது என்பது என் கையில் இல்லை, பட்டியல் சொல்கிறது. இருந்தாலும் போன் பண்ணும்போது வார்த்தை வரவில்லை. "அக்கா, பட்டியல் சொல்றதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க, விடுங்க" என்றாள். அவள் என்னைவிடக் குழந்தைகளிடம் பொறுமையானவள். சீனியாரிட்டிக்கு அதெல்லாம் தெரியாது. ஆனால் பிரின்சிபலுக்குப் பிடித்தவர் மட்டும் தங்குகிற ஏற்பாட்டை யோசித்தால், எனக்கு இந்தக் குருட்டுக் கணக்கே தேவலை.

வெளியே போனவர்களுக்கு 39 மாதம் மறுநியமனப் பட்டியலில் இடம் உண்டு. போன வரிசைக்குத் தலைகீழாகக் கூப்பிடுவார்கள், புது ஆள் எடுப்பதற்கு முன் இவர்களைத்தான் கேட்க வேண்டும். என்னைப் போல வேலையை இழக்காமல் கீழே இறங்கியவர்களுக்கு அதற்கு மேல் 24 மாதம் வரை கூடுதல். முகவரியோ ஃபோன் நம்பரோ மாறினால் மனிதவளத் துறைக்கு மின்னஞ்சலில் தெரிவித்து, அதன் நகலை வைத்துக்கொள்ளுங்கள்.

ஆகஸ்டில் ஓர் உதவியாளர் இடம் காலியானது. முதல் அழைப்பு அவளுக்கு. கிளார்க் இடம் இன்னும் எதுவும் வரவில்லை.