11-ஆம் நம்பர் பனியன்

கால்பந்து அணிக்குப் பெயர் கொடுக்க வரும் பிள்ளைகளிடம் "எந்த இடத்துல ஆடுவே?" என்று கேட்டால் முக்கால்வாசிப் பேர் "ஃபார்வர்டு சார்" என்பார்கள். பனியன் நம்பரையும் அவர்களே சொல்லிவிடுவார்கள். முன்பெல்லாம் 10, 7 என்று மெஸ்ஸிக்கும் ரொனால்டோவுக்கும்தான் போட்டி. இப்போது 11 வேண்டும் என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். காரைக்குடிக்குப் பக்கத்தில், ஒரு கண்மாய்க்கரைப் பள்ளிக்கூடத்தில், இந்தியாவுக்கு ஆடிய சுனில் சேத்ரியின் நம்பருக்காகப் பிள்ளைகள் அடித்துக்கொள்வதைப் பார்க்க எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

நான் உடற்கல்வி ஆசிரியராக வேலைக்குச் சேர்ந்ததும் சுனில் சேத்ரி இந்திய அணிக்குள் வந்ததும் ஏறக்குறைய ஒரே காலம். 2005 ஜூன் 12 அன்று குவெட்டாவில் பாகிஸ்தானுக்கு எதிராக அவர் முதல் ஆட்டம் ஆடினார். அந்த ஆட்டத்திலேயே கோலும் அடித்தார். ஆட்டம் 1-1 என்று முடிந்தது. அதிலிருந்து அவர் அங்கே ஆட, நான் இங்கே பிள்ளைகளை ஆட வைக்க என்று வருடங்கள் ஓடின. ஃபார்வர்டு வேலை என்றால் என்ன என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க நான் அதிகம் எடுத்தாண்டது அவருடைய ஆட்டத்தைத்தான்.

கோல் அடிப்பவன்தான் ஃபார்வர்டு, அவ்வளவுதான் என்று பிள்ளைகளும் பெற்றோரும் நினைக்கிறார்கள். 90 நிமிட ஆட்டத்தில் ஒரு ஃபார்வர்டின் காலில் பந்து இருப்பது ஒன்றிரண்டு நிமிடம் இருந்தாலே பெரிது. மீதி நேரமெல்லாம் அவன் பந்து இல்லாமல் என்ன செய்கிறான் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. இதை வாயால் சொன்னால் எந்தப் பிள்ளைக்கும் ஏறாது. அதனால் மழை பெய்து மைதானத்துக்குப் போக முடியாத பி.டி. பீரியடில் போனில் ஒரு கோலைப் போட்டுக் காட்டுவேன்.

2018 ஜூன் 10, மும்பையில் இன்டர்கான்டினென்டல் கோப்பை இறுதி ஆட்டம், எதிரணி கென்யா. 8-ஆவது நிமிடத்தில் இந்தியாவுக்கு ஒரு ஃப்ரீ கிக். உயரத் தூக்கிப் போடுவார்கள் என்று கென்யாக்காரர்கள் தலையால் முட்டத் தயாராக நிற்கிறார்கள். அனிருத் தாப்பா பந்தைத் தூக்கவில்லை. தாழ்வாக, வேகமாக உள்ளே தட்டிவிடுகிறார். தன்னைப் பிடித்து நின்ற ஆளிடமிருந்து நழுவி வரும் சேத்ரி, ஓட்டத்தை நிறுத்தாமல் ஒரே தொடுதலில் வலைக்குள் தள்ளுகிறார். பிள்ளைகள் முதல் தடவை பந்தைத்தான் பார்ப்பார்கள். இரண்டாம் தடவை போட்டு, "பந்தைப் பாக்காதீங்கடா, 11-ஐ மட்டும் பாருங்க" என்பேன். அப்போதுதான் யாராவது ஒருத்தன் கண்டுபிடிப்பான்: "சார், அவரு பந்து வர்றதுக்கு முன்னாடியே கெளம்பிட்டாரு!"

அந்த ஆட்டத்தில் 29-ஆவது நிமிடத்தில் இன்னொரு கோல். அனஸ் எடத்தொடிகா பின்னாலிருந்து நீளமாகத் தூக்கிவிட்ட பந்தை நெஞ்சில் வாங்கி, இடது காலால் அடித்தார். இந்தியா 2-0 என்று ஜெயித்தது, இரண்டும் சேத்ரியின் கோல். அன்றோடு நாட்டுக்காக 64 கோல். அந்தச் சமயத்தில் மெஸ்ஸியும் அர்ஜென்டினாவுக்கு அதே எண்ணிக்கையில்தான் இருந்தார்.

மழை விட்டதும் பயிற்சி. எங்கள் மைதானம் செம்பராங்கல் மண். விழுந்தால் முட்டி பேர்ந்துவிடும். ஓரத்தில் சீமைக்கருவேல் வேறு. பந்து அந்தப் பக்கம் போனால் முள் ஏறிக் காற்று இறங்கிவிடும். கோடையில் கண்மாய் வற்றினால் உள்ளே இறங்கிவிடுவோம், அங்கே தரை கொஞ்சம் மெத்தென்று இருக்கும். ரெண்டு பேரை டிஃபென்ஸில் நிறுத்தி, ஒருத்தனைப் பக்கவாட்டிலிருந்து பந்து போடச் சொல்வேன். ஃபார்வர்டுக்கு மூன்றே விதி. பந்து போடுபவன் தலை நிமிர்ந்திருக்கும்வரை நீ ஓடாதே. உதைக்க அவன் தலை குனிகிற நொடி உன்னுடையது, அப்போது கிளம்பு. ஆனால் முதல் அடியை கோலுக்கு எதிர்ப்பக்கம் வை. உன்னைப் பிடித்து நிற்பவன் அந்தப் பக்கம் சாய்வான், நீ இந்தப் பக்கம் வெட்டி உள்ளே வா. சொல்ல நாலு வார்த்தைதான். உடம்புக்கு அது வருவதற்கு ஒரு பருவம் முழுக்க ஆகும். பந்து வரவே வராத ஓட்டம்தான் அதிகம். பத்துத் தடவை ஓடி ஒரு தடவை பந்து வரும். அந்தப் பத்தாவது ஓட்டத்தையும் முதல் ஓட்டம் மாதிரியே ஓடுகிற பிள்ளைக்குத்தான் நான் ஃபார்வர்டு இடம் கொடுப்பேன்.

சேத்ரிக்கு உயரம் ஐந்தரை அடிக்குக் கொஞ்சம்தான் கூடுதல். ஆனாலும் தன்னைவிட ஒரு சாண் உயரமான டிஃபென்டர்களுக்கு நடுவில் தலையால் எத்தனையோ கோல் அடித்திருக்கிறார். இதைச் சொல்லும்போது வரிசையில் முன்னால் நிற்கும் குட்டைப் பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க வேண்டும். பதிமூன்று, பதினான்கு வயதில் யார் சீக்கிரம் வளர்ந்துவிட்டானோ அவனை ஃபார்வர்டாகப் போடுவதுதான் நம் பக்கத்துப் பள்ளிகளில் வழக்கம். குறுவட்டப் போட்டியில் அது பலிக்கும். இடித்துத் தள்ளிக்கொண்டு போய் கோல் போட்டுவிடுவான். ரெண்டு வருடத்தில் மற்றவர்களும் வளர்ந்துவிடுவார்கள். அப்போது இவனிடம் இடிப்பதைத் தவிர வேறு வித்தை இருக்காது. அதற்குள் புத்தியோடு ஓடுகிற குட்டைப் பையன் சலித்துப்போய் கிரிக்கெட்டுக்குப் போயிருப்பான்.

நாட்டுக்கு ஆடுவது என்றால் எப்போதும் கைதட்டல்தான் என்று பிள்ளைகள் நினைத்துவிடக் கூடாது என்பதற்காக தோல்வியின் பக்கத்தையும் சொல்வேன். 2008-இல் டெல்லி அம்பேத்கர் ஸ்டேடியத்தில், ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பின் (ஏஎஃப்சி) சேலஞ்ச் கோப்பை இறுதி ஆட்டத்தில் தஜிகிஸ்தானை 4-1 என்று ஜெயித்தோம். சேத்ரிக்கு மூன்று கோல், பாய்ச்சுங் பூட்டியாவுக்கு ஒன்று. அந்த வெற்றியால்தான் 2011 ஆசியக் கோப்பைக்கு இந்தியா போனது. தோஹாவில் என்ன ஆனது? ஆஸ்திரேலியாவிடம் 0-4, பஹ்ரைனிடம் 2-5, தென்கொரியாவிடம் 1-4. மூன்றும் தோல்வி. அதிலும் பஹ்ரைனுக்கு எதிராக ஒன்று, கொரியாவுக்கு எதிராக ஒன்று என்று சேத்ரி கோல் அடித்திருக்கிறார். அணி தோற்றுக்கொண்டிருக்கும்போதும் ஃபார்வர்டு தன் ஓட்டத்தை ஓடத்தான் வேண்டும்.

அதே 2018 இன்டர்கான்டினென்டல் கோப்பையில், ஜூன் 1 அன்று மும்பையில் சைனீஸ் தைபேயை (தைவான் அணி) 5-0 என்று அடித்தார்கள். சேத்ரிக்கு ஹாட்ரிக். பார்க்க வந்திருந்தவர்கள் சுமார் 2,500 பேர். அடுத்த நாள் அவர் ஒரு வீடியோ போட்டார். எங்களைத் திட்டுங்கள், குறை சொல்லுங்கள், ஆனால் மைதானத்துக்கு வந்து பார்த்துவிட்டுச் செய்யுங்கள் என்பதுதான் அதன் சாரம். ஜூன் 4 அன்று கென்யாவுடன் லீக் ஆட்டம், அவருக்கு நூறாவது ஆட்டம். டிக்கெட் முழுக்க விற்றுத் தீர்ந்தது. மழையில் நனைந்துகொண்டே ஜனம் உட்கார்ந்திருந்தது. இந்தியா 3-0, அவருக்கு இரண்டு கோல்.

அந்த வீடியோவைப் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. சிராவயல் மஞ்சுவிரட்டுக்கு எங்கிருந்தெல்லாமோ ஜனம் வந்து பொட்டல் நிறைந்து நிற்கும். அந்த உற்சாகம் நம் மண்ணில் உண்டு. ஆனால் குறுவட்ட இறுதி ஆட்டத்துக்குப் போனால், மாற்று ஆட்டக்காரர்கள், ரெண்டு மூன்று வாத்தியார்கள், சைக்கிளில் டீ விற்பவர், அவ்வளவுதான் கூட்டம். பிள்ளை ஆடுவதைப் பார்க்க அப்பா அம்மா வந்து நின்றால் அந்தப் பிள்ளை ஓடுகிற ஓட்டமே வேறு. எல்லாப் பெற்றோரிடமும் நான் கேட்பது இது ஒன்றுதான்: ஒரு ஆட்டத்துக்காவது வாங்க.

2024 ஜூன் 6 அன்று கொல்கத்தா சால்ட் லேக் ஸ்டேடியத்தில், குவைத்துடன் கோல் இல்லாமல் முடிந்த ஆட்டத்தோடு அவர் விடைபெற்றார். 151 ஆட்டம், 94 கோல். 19 வருடம். நாட்டுக்காக அடித்த கோல் கணக்கில் ரொனால்டோ, மெஸ்ஸி, ஈரானின் அலி தாயி ஆகியோருக்கு அடுத்த இடம். ஆசிய எதிரணிகளுக்கு எதிராக அடித்தவைதானே என்று சிலர் குறைத்துப் பேசுவார்கள். எனக்கு அந்தப் பேச்சு ஏற்புடையதில்லை. தனக்கு முன்னால் நிறுத்தப்பட்ட டிஃபென்ஸை எதிர்த்துத்தான் எவனும் ஆட முடியும்.

என் கவலை வேறு. ஓய்வு பெற்ற ஒன்பதே மாதத்தில், 2025 மார்ச்சில், 40 வயதில் அவரைத் திரும்பக் கூப்பிட்டார்கள். ஷில்லாங்கில் மாலத்தீவை 3-0 என்று ஜெயித்த ஆட்டத்தில் 95-ஆவது கோலும் அடித்தார். அந்த ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) பருவத்தில் மொத்தம் 14 கோல் அடித்தவரைக் கூப்பிட்டதில் தப்பே இல்லை. ஆனால் 140 கோடிப் பேர் உள்ள நாட்டில் அவர் இடத்தில் நிற்க இன்னொரு ஆள் ஏன் இல்லை?

பாதிக் காரணம் மேலே இருக்கிறது. நம் கிளப்புகளில் கோலுக்கு நேரே நிற்கும் சென்டர் ஃபார்வர்டு இடத்தைப் பெரும்பாலும் வெளிநாட்டுக்காரருக்குக் கொடுத்துவிடுகிறார்கள். ஐஎஸ்எல்லுக்கு முன்பு முதன்மையாக இருந்த ஐ-லீக் காலத்தில் ஒடாஃபா, ராண்டி மார்ட்டின்ஸ் என்ற நைஜீரியர்கள்தான் வருடா வருடம் கோல் பட்டியலில் முன்னால் இருந்தார்கள். சேத்ரியே பெங்களூரு அணியில் வெனிசுலா வீரர் மிக்கு நடுவில் ஆட, இடப்பக்கம் ஒதுங்கி ஆடியவர்தான். வாரா வாரம் கிளப்பில் ஓரத்தில் ஓடிவிட்டு, நாட்டுக்கு ஆடும்போது மட்டும் நடுவில் நின்று கோல் அடி என்றால் எத்தனை பேருக்கு அது முடியும்? ஒலிம்பிக்கில் இந்தியா கடைசியாக அடித்த கோல் 1960-இல் ரோமில் பெருவுக்கு எதிராக சைமன் சுந்தரராஜ் அடித்தது. அதற்கு நாலு வருடம் முன்பு மெல்போர்னில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக நெவில் டிசோசா மூன்று கோல் அடித்திருக்கிறார். அந்த மாதிரி ஆட்கள் நம்மிடம் பிறந்தவர்கள்தான்.

மீதிப் பாதி எங்கள் கையில் இருக்கிறது, எங்கள் ஊர் வீடுகளில் இருக்கிறது. பர்மா, மலேயா என்று கடல் தாண்டிப் பிழைத்த சீமை இது. இப்போது சிங்கப்பூர், துபாய். டிப்ளமோ முடித்த கையோடு பாஸ்போர்ட் எடுத்துவிடுவார்கள். நான் வளர்த்த நல்ல ஃபார்வர்டுகள் பலர் பதினெட்டு, பத்தொன்பது வயதில் விமானம் ஏறினார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். வீட்டுக் கடன் யாருக்காகவும் காத்திருக்காது. ஆனால் கால்பந்து வீரன் முழுசாக உருவாகத் தொடங்குகிற வயது அதுதான்.

கண்டனூரிலிருந்து ஒருத்தர் போய்க் காட்டியிருக்கிறார். சிவசக்தி நாராயணன், ஃபார்வர்டு. பெங்களூரு அணியில் சேத்ரியோடு ஒன்றாக ஆடினார். 2022 டுராண்ட் கோப்பை இறுதி ஆட்டத்தில் மும்பை சிட்டிக்கு எதிராக முதல் கோல் அவருடையது. 2022-23 ஐஎஸ்எல்லில் வளரும் வீரர் விருதும் அவருக்குத்தான். கண்டனூர் எங்களுக்கு டவுன் பஸ் தூரம். "அந்தண்ணனும் இந்த மண்ணுலதானே சார் விழுந்து எந்திரிச்சிருப்பாரு?" என்று ஒரு பையன் கேட்டான். ஆமாம்டா என்றேன். மெஸ்ஸியைப் பற்றி நான் எவ்வளவு பேசினாலும் அந்தக் கேள்வி வந்திருக்காது.

இந்த வருடம் ஒன்பதாம் வகுப்பில் ஒரு பிள்ளை இருக்கிறான். அப்பா புதுவயலில் அரிசி ஆலையில் வேலை பார்க்கிறார். வரிசையில் முன்னாலிருந்து இரண்டாவது ஆள், அவ்வளவு உயரம்தான். ஆனால் பந்து போடுபவன் தலை குனிகிற நொடி அவனுக்குப் பிடிபட்டுவிட்டது. அவன் அம்மாவைக் கூப்பிட்டுப் பேசினேன்.

"நல்லா ஆடுறான்னு சொல்றீக, சரி. இத வச்சு நாளைக்கு என்ன சார் கெடைக்கும்?" என்று கேட்டார்.

ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் கல்லூரி இடம், ரயில்வே, போலீஸ் வேலை என்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். உறுதி எதுவும் கொடுக்கவில்லை, கொடுக்கவும் முடியாது. அவர் கொஞ்சம் யோசித்தார்.

"ப்ளஸ் டூ முடிக்கிற வரைக்கும் ஆடட்டும். அப்புறம் அவுக அப்பாதான் சொல்லணும். ஆனா இருட்டுறதுக்குள்ள வீட்டுக்கு வந்துரணும் சார்."

குறுவட்டப் போட்டிக்கான பட்டியலில் அவன் பெயரை ஃபார்வர்டாக எழுதிக் கொடுத்துவிட்டேன். பள்ளி விட்டதும் பயிற்சி, ஆறு மணிக்குள் பஸ் ஏற்றிவிடுகிறேன் என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன். முதல் ஆட்டம் சனிக்கிழமை என்பதால் தானும் வரப் பார்க்கிறேன் என்றிருக்கிறார்.