ஃபிளிண்டர்ஸ் மலையில் ஆம்பியர் கணக்கு

ஆஸ்திரேலியாவின் அடிலெய்டிலிருந்து வடக்கே ஐந்து மணி நேரம் ஓட்டினால் ஃபிளிண்டர்ஸ் மலைத்தொடர் வந்துவிடும். அங்கே வில்பீனா பவுண்டில் காரவனுக்கு (காருக்குப் பின்னால் இழுத்துப்போகும் வீட்டு வண்டி) மின் இணைப்போடு இடம் கிடைக்கும். அதைத் தாண்டிப் பிராச்சினா பள்ளத்தாக்குப் பக்கம் போனால் முகாம்களில் பிளக் பாயின்ட் கிடையாது. எங்களுக்குப் பிடித்தது அந்தப் பக்கம்தான்.

இந்த ஜூலையில் அப்பாவும் வந்தார். தூக்கத்தில் மூச்சு தடைபடுவதால் இரவு முழுக்க அவருக்கு, முகமூடி வழியே காற்றை அழுத்தித் தரும் சிபாப் மெஷின் ஓட வேண்டும். "கரண்ட் இல்லாத காட்டுல என் மெஷின் எப்படிப்பா ஓடும்?" என்று கிளம்பும்வரை கேட்டுக்கொண்டே இருந்தார். நியாயமான கவலை. அதனால் ஒவ்வொரு சாமானும் எத்தனை ஆம்பியர் இழுக்கிறது என்று வீட்டு வாசலிலேயே அளந்து எழுதிவிட்டேன்.

எங்களிடம் இருப்பது 12 வோல்ட், 200 ஆம்பியர்-அவர் லித்தியம் பேட்டரி. ஒரு ஆம்பியரை ஒரு மணி நேரம் இழுத்தால் ஒரு ஆம்பியர்-அவர் செலவு. சட்னி அரைக்க மிக்ஸியைப் போட்டதும் மானிட்டரில் 65 ஆம்பியருக்கு மேல் ஏறும். பார்க்கப் பயமாக இருக்கும். ஆனால் இரண்டு நிமிடத்தில் வேலை முடிந்துவிடும், செலவு இரண்டு ஆம்பியர்-அவர் சொச்சம்தான். சத்தமே போடாத பிரிட்ஜ் ஒரு நாளில் நாற்பதுக்கு மேல் தின்கிறது. சிபாப்பிலும் அப்படித்தான். காற்றை ஈரமாக்கத் தண்ணீரைச் சூடாக்கும் வசதியைப் போட்டால் மணிக்கு நான்கு ஆம்பியர்-அவர் வரை போகும். அதை அணைத்துவிட்டு இன்வெர்ட்டர் இல்லாமல் நேரடி 12 வோல்ட் ஒயரில் ஓட்டினால் ஒன்று, ஒன்றேகால்தான். அப்பாவின் டாக்டரிடம் கேட்டுக்கொண்டுதான் சூட்டை நிறுத்தினோம். டீக்குக் கெட்டில் வேண்டாம், கேஸ் அடுப்பே போதும்.

லித்தியம் வாங்குபவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: வோல்ட் மீட்டரை நம்பாதீர்கள். பாதி காலியானாலும் அது 13.2 பக்கத்திலேயே நிற்கும். உள்ளே போவதையும் வெளியே வருவதையும் எண்ணும் ஷன்ட் மானிட்டர்தான் உண்மையான இருப்பைக் காட்டும்.

ஜூலை அங்கே குளிர்காலம். சூரியன் வடக்கே தாழ்வாகப் போவதால் கூரையில் படுத்திருக்கும் சோலார் பேனலுக்கு வெயில் சாய்வாகத்தான் விழும். மடக்குப் பேனலை வடக்கு பார்த்துச் சாய்த்து வைத்தால் நல்ல வித்தியாசம் தெரியும். ஒரு கிளையின் நிழல் குறுக்கே விழுந்தாலே உற்பத்தி படுத்துவிடும். ஓடைக்கரையின் ரெட் கம் என்னும் யூகலிப்டஸ் மரங்கள் கண்ணைக் கட்டி இழுக்கும். ஆனால் அவை காற்றில்லாத நாளிலும் கிளையை முறித்துப் போடும். இரண்டு காரணத்துக்காகவும் வெட்டவெளியே மேல். இன்னொன்று: பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே லித்தியம் செல்களைச் சார்ஜ் செய்யக் கூடாது. எங்கள் பேட்டரி கட்டிலுக்கு அடியில், டீசல் ஹீட்டரின் கதகதப்பில் இருந்ததால் விடியற்காலை உறைபனியிலும் தொந்தரவில்லை.

மேகம் மூடிய அன்று பள்ளத்தாக்குக்குள் காரவனை மெதுவாக இழுத்துக்கொண்டு போனோம். பூமி வரலாற்றில் எடியாகரன் என்னும் காலம் தொடங்கும் பாறை எல்லையாக 2004இல் உலக அளவில் ஏற்கப்பட்ட இடம் அங்கே எனோரமா ஓடையில் இருக்கிறது. சுமார் 63 கோடி ஆண்டுப் பழைய பாறையை அப்பா தடவித் தடவிப் பார்த்தார். வண்டி ஓடிய இரண்டு மணி நேரத்தில் கார் எஞ்சினின் மின்சாரத்தைக் காரவன் பேட்டரிக்கு ஏற்றும் டிசி-டிசி சார்ஜர் மணிக்கு 25 வீதம் ஐம்பது ஆம்பியர்-அவர் ஏற்றியிருந்தது. அன்றைய பிரிட்ஜுக்கும் ராத்திரி மெஷினுக்கும் அது போதும்.