மேடையில் இன்னொரு குரல்

பல ஆண்டுகள் மேடையில் தனியாகவே கிதார் வாசித்துப் பாடிப் பழகிய நான், இரண்டு ஆண்டுகளாக ஒரு தோழியுடன் இணைந்து பாடி வருகிறேன். இன்னொருவர் வந்தால் சுமை பாதியாகும் என்றே எண்ணியிருந்தேன். அது தப்புக் கணக்கு என்பது முதல் நிகழ்ச்சியிலேயே தெரிந்துவிட்டது.

தனியாகப் பாடும்போது நான் செய்யும் பிழை பெரும்பாலும் எனக்கு மட்டுமே தெரியும். சரணத்தின் இரண்டாம் வரி மறந்துபோனால், முதல் வரியையே இன்னொரு முறை பாடிவிட்டுப் பல்லவிக்குத் திரும்பிவிடுவேன். கேட்பவர்கள் பாட்டே அப்படித்தான் என்று எடுத்துக்கொள்வார்கள். அந்தப் பழக்கத்தில் அன்றும் நான் பல்லவிக்குத் தாவ, தோழியோ சரணத்தைப் பிசகாமல் தொடர, ஒரு தாள வட்டம் முழுவதும் இரண்டு பாட்டுகள் ஒருசேர ஒலித்தன. அவர் சரியாகப் பாடியதே என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டது. அதன்பின், பல்லவிக்குத் திரும்புவதென்றால் கிதாரின் கழுத்தைச் சற்று உயர்த்திக் காட்டுவது என்று எங்களுக்குள் ஏற்பாடு செய்துகொண்டோம்.

சுருதிதான் பெரிய சிக்கல். சுருதியின் உயரத்தைக் குறிக்கும் கட்டைக் கணக்கில், என் குரல் ஒரு கட்டையை ஒட்டியது, அவருடையது ஐந்து கட்டை. எதை வைத்தாலும் ஒருவருக்கு மேல்ஸ்தாயி எட்டாது, அல்லது மற்றவருக்குக் கீழே போனால் வெறும் காற்றுதான் வரும். எனவே பாட்டுக்குப் பாட்டு முதன்மைக் குரல் யாருடையது என்று முடிவு செய்து, அவருக்கேற்ற சுருதியில் மற்றவர் துணைச்சுரம் பாடுகிறோம். இருவரும் ஒரே சுரத்தை அசைவின்றி நீட்டும் இடங்களில் மறைந்துகொள்ள வழியே இல்லை: ஒருவர் 440 ஹெர்ட்ஸிலும் மற்றவர் 442 ஹெர்ட்ஸிலும் நின்றால், ஒலி வினாடிக்கு இரண்டு முறை ஏறி இறங்கி அதிரும். தனிக்குரலில் அந்த அளவு விலகலை எவரும் பொருட்படுத்தப்போவதில்லை. ‘க’, ‘த’ போன்ற வல்லின எழுத்துகளும் அப்படியே. ஒருவர் இம்மி முந்தினாலும் சொல் இரட்டையாகக் கேட்கும்.

ஒலியமைப்பில், இரண்டாவது மைக்கைத் திறந்ததுமே, ஒலிபெருக்கி கீச்சிட்டுக் கூச்சலிடாமல் ஒலியைக் கூட்டுவதற்கான இடம் ஏறக்குறைய 3 டெசிபெல் குறைந்துவிடும். மைக்கை வாயருகே பிடித்துக்கொண்டால் ஓரளவு சமாளிக்கலாம்.

இவ்வளவு தொல்லையையும் ஏன் விலைக்கு வாங்கினேன் என்றால், முதல் காரணம் மூச்சு. நீண்ட வரியின் நடுவே ஒருவர் மூச்செடுக்க மற்றவர் தாங்கிப் பிடித்தால், இருவர் நுரையீரலாலும் தனித்தனியே முடியாத நீளத்துக்கு அந்த வரி அறுபடாமல் போகும். இரண்டாவது காரணம் அற்பமானதுதான்: நான் தந்தியைச் சுருதி சேர்க்கும் அந்த அரை நிமிடம் அவர் பேசிச் சமாளித்துவிடுவார். தனியாக இருந்தபோது அந்த அரை நிமிடம் ஒரு யுகமாக நீளும்.

ஆனாலும், காலப்பிரமாணத்தை, அதாவது பாட்டின் வேகத்தை, நினைத்த இடத்தில் இழுத்தும் தளர்த்தியும் பாடவேண்டிய மெதுவான பாட்டுகளைத் தனியாகப் பாடவே எனக்குப் பிடிக்கும். சென்ற மாதம் அவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டதால் அப்படி ஒரு மாலை முழுவதும் கிடைத்தது. இரண்டாம் பாட்டில், பக்கத்தில் யாரும் இல்லாத மேடையில், பல்லவி வருவதற்கு முன் கிதாரின் கழுத்தை உயர்த்திக் காட்டினேன்.