பழைய குழாய் யூனிட்: டயாபிரம் மாற்றுவது கடைசி வேலை

மைக்செட் குழாயின் பின்னால் திருகியிருக்கும் யூனிட் பாடாமல் போனால், "டயாபிரம் (அதிர்ந்து ஒலி எழுப்பும் மெல்லிய சவ்வு) போச்சு" என்று உடனே முடிவு கட்டிவிடுகிறார்கள். புதிதாக ஒன்றை வாங்கிப் போடுகிறார்கள், அடுத்த திருவிழாவில் அதுவும் கருகுகிறது. முதல் டயாபிரம் ஏன் செத்தது என்று பார்க்காமல் மாற்றினால் அப்படித்தான் ஆகும்.

மீட்டரை எடுங்கள். யூனிட்டின் பின்மூடிக்குள் லைன் டிரான்ஸ்பார்மர் (நீண்ட வயரில் வரும் 100 வோல்ட் சிக்னலை யூனிட்டுக்கு ஏற்றபடி இறக்குவது) இருந்தால், அதன் இணைப்பைக் கழற்றிவிட்டு, டயாபிரத்தோடு ஒட்டியிருக்கும் கம்பிச்சுருளான காயிலை மட்டும் அளக்க வேண்டும். 16 ஓம் யூனிட்டில் 11 முதல் 13 ஓம் வரை, 8 ஓம் யூனிட்டில் 5.5 முதல் 6.5 வரை காட்டினால் காயில் நலம். 16 என்பது ஆடியோ ஓடும்போது வரும் மதிப்பு, மீட்டர் அதைக் காட்டாது. ஒன்றுமே காட்டாவிட்டாலும் காயில் எரிந்துவிட்டது என்று அர்த்தமில்லை. காயிலிலிருந்து டெர்மினலுக்கு வரும் மெல்லிய கம்பி, ஈயம் வைத்த இடத்தின் ஓரத்தில் அதிர்ந்து அதிர்ந்து ஒடிவது சகஜம். செம்புக் கம்பி என்றால் வார்னிஷைச் சுரண்டிவிட்டுப் பற்றவைத்துவிடலாம். அலுமினியக் கம்பியில் சாதாரண ஈயம் ஒட்டாது. ஒட்டியது போலத் தெரிந்து இரண்டு நாளில் விட்டுப்போகும்.

பிரிக்கும்போது ஒரே ஒரு கண்டிப்பு: காந்தப் பகுதியைப் பிரிக்காதீர்கள். உயரமாக, ஒடுங்கிய உருளையாக இருக்கும் பழைய யூனிட்களில் பெரும்பாலும் ஆல்னிகோ (அலுமினியம், நிக்கல், கோபால்ட் கலந்த உலோகம்) காந்தம்தான் இருக்கும். அதை இரும்புத் தட்டுகளிலிருந்து பிரித்தெடுத்தால் காந்தசக்தியில் கணிசமான பங்கு போய்விடும், திருப்பி மாட்டினாலும் வராது. மறுபடி காந்தமேற்றினால்தான் உண்டு. சுத்தியலால் தட்டுவதும் கீழே போடுவதும் காந்தத்துக்கு நல்லதல்ல. தட்டையான அகல வளையமாக இருந்தால் அது ஃபெரைட் (பீங்கான் வகைக் காந்தம்), இந்த விஷயத்தில் அவ்வளவு கோபக்காரன் இல்லை. ஆனாலும் பிரிக்க ஒரு காரணமும் கிடையாது. டயாபிரத்தைக் கழற்றினால் தேவையான இடம் எல்லாம் கைக்கு எட்டும்.

உண்மையான வேலை காயில் ஓடும் இடுக்கில் இருக்கிறது. காயிலின் ஒவ்வொரு பக்கத்திலும் இருக்கும் இடைவெளி பெரும்பாலும் கால் மில்லிமீட்டர் அளவுதான். துருப்பொடியும் கருகிய வார்னிஷும் அதில் சேர்ந்தால், புது டயாபிரம் போட்ட அன்றே உரச ஆரம்பிக்கும். வாயால் ஊதாதீர்கள், ஏர் கம்ப்ரஸரும் வேண்டாம். இரும்புத்தூளைக் காந்தம் விடாது, காற்று அதை இன்னும் உள்ளேதான் தள்ளும். பழைய எக்ஸ்ரே பிலிமை விரல் அகலத்துக்கு வெட்டி, இரண்டு பக்கமும் ஒட்டும் டேப்பைச் சுற்றி, இடுக்கில் இறக்கி வட்டமாக ஓட்டி எடுங்கள். டேப் தடிப்பாக இருந்து நுழையாவிட்டால் ஒரு பக்கம் மட்டும் ஒட்டிக்கொள்ளுங்கள். டேப் சுத்தமாக வெளியே வரும்வரை துண்டை மாற்றி மாற்றி ஓட்ட வேண்டும். துருவை உப்புத்தாளால் தேய்க்கவே கூடாது. தேய்த்த தூள் அங்கேயே ஒட்டிக்கொள்ளும். வேலை முடிந்ததும் இடுக்கின் வாயை டேப்பால் மூடி வையுங்கள், மேசையில் கிடக்கும் சின்ன ஸ்க்ரூகூட உள்ளே பாய்ந்துவிடும்.

புது டயாபிரம் வாங்கும்போது, நுணுக்கமாக அளக்கும் வெர்னியர் காலிப்பரைக் கையோடு கொண்டு போங்கள். காயிலின் உள்விட்டம், வெளிவிட்டம், உயரம் மூன்றும் பழையதோடு பொருந்த வேண்டும். "அதே மாடல்தான் சார்" என்பது அளவாகாது. பழைய யூனிட்டிலிருந்த வளையத்தையும் வாஷரையும் தூக்கிப் போடாதீர்கள். டயாபிரத்துக்கும் அதன் எதிரே உள்ள ஃபேஸ் பிளக்குக்கும் (ஒலியைக் குழாய்க்குள் வழிநடத்தும் துளையிட்ட கட்டை) நடுவில் உள்ள தூரத்தை அவைதான் தீர்மானிக்கின்றன. தூரம் கூடினால் கீச்சு ஒலி குறையும், குறைந்தால் சத்தத்தில் டயாபிரம் போய் இடிக்கும்.

ஸ்க்ரூக்களை எதிரெதிராக, அரைச் சுற்று அரைச் சுற்றாக முடுக்குங்கள். முழுதாக இறுக்கும் முன், போனில் ஒரு டோன் ஜெனரேட்டர் ஆப் (ஒரே சுருதியில் ஒலி எழுப்புவது), ஒரு சின்ன ஆம்ப்ளிஃபயர், 2 வோல்ட் போதும். 16 ஓமில் அது கால் வாட். 300 ஹெர்ட்ஸிலிருந்து 3,000 வரை மெதுவாக ஏற்றி இறக்குங்கள். எங்காவது சரசரவென்று கேட்டால் டயாபிரத்தை ஒரு மயிரிழை நகர்த்தி மறுபடி பாருங்கள். குழாய் மாட்டாத யூனிட்டில் சத்தம் ஏற்றிப் பார்ப்பது மேசையிலேயே நடக்கும் கொலை. குழாயில் அடைபட்ட காற்றின் சுமைதான் டயாபிரத்தை அடக்கி வைக்கிறது. அது இல்லாவிட்டால் டயாபிரம் கட்டுமீறித் துள்ளும்.

அதே காரணம்தான் திருவிழாவிலும் கொல்கிறது. குழாய் வாயின் சுற்றளவு எவ்வளவோ, கிட்டத்தட்ட அந்த அலைநீளம் வரைக்கும்தான் குழாய் வேலை செய்யும். வாய் 50 செ.மீ. விட்டம் என்றால் சுற்றளவு 1.57 மீட்டர், அதாவது சுமார் 220 ஹெர்ட்ஸ். அதற்குக் கீழே குழாய் இருந்தும் இல்லாதது போலத்தான். போனிலிருந்து வரும் இன்றைய பாட்டில் 50 ஹெர்ட்ஸ் பேஸ் (அடி ஒலி) தாராளமாக இருக்கிறது. அது குழாயிலிருந்து காதுக்குக் கேட்காது, காயிலை மட்டும் உதைத்துக்கொண்டே இருக்கும்.

ஆகவே பழைய யூனிட்டுக்குச் செய்யக்கூடிய மிகச் சிறந்த அப்கிரேட் ஒரு கெபாசிட்டர் என்பது என் கட்சி. டிரான்ஸ்பார்மர் இல்லாமல் 16 ஓம் யூனிட்டுக்கு நேராகக் கொடுப்பதானால், அதன் ஒரு வயரில் தொடராக 33 மைக்ரோ ஃபாரட் போட்டால் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டும், 25 போட்டால் 400இல். சாதாரண எலெக்ட்ரோலிட்டிக் ஆகாது, துருவமில்லாததுதான் வேண்டும். 100 வோல்ட் லைனில் இது இன்னும் மலிவு. 60 வாட் டேப்பிங் (டிரான்ஸ்பார்மரில் எத்தனை வாட் என்று தேர்ந்தெடுக்கும் முனை) என்றால் 100 × 100 ÷ 60, அதாவது 167 ஓம். அதற்கு 300 ஹெர்ட்ஸில் தேவை 3.2 மைக்ரோ ஃபாரட். சீலிங் ஃபேனுக்குப் போடும் 3.15 மைக்ரோ ஃபாரட், 440 வோல்ட் கெபாசிட்டர் அச்சாகப் பொருந்தும். 30 வாட் டேப்பிங்குக்கு அதில் பாதி, சுமார் 1.6. டிரான்ஸ்பார்மருக்கு முன்னால் போடுவதில் இன்னொரு லாபம்: பேஸில் அதன் இரும்பு திணறி ஆம்ப்ளிஃபயரிலிருந்து அளவுக்கு மீறி கரண்ட் இழுப்பதும் நிற்கும். ஆம்ப்ளிஃபயரை அணைத்துவிட்டு இணையுங்கள், லைனில் ஷாக் அடிக்கும். கெபாசிட்டர் ஒன்று மட்டும் சுவராக நிற்காது. 150 ஹெர்ட்ஸில் சுமார் 7 டெசிபல்தான் குறைக்கும். பேஸ் குமிழையும் திருகிக் குறைத்து வையுங்கள்.

டைட்டானியம் டயாபிரம் போடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. கீச்சு கூடும், உண்மைதான். ஆனால் பிசின் ஏற்றிய துணி டயாபிரம் உதையைப் பொறுத்துக்கொள்ளும் அளவுக்கு மெல்லிய உலோகம் பொறுக்காது, வளைந்து வளைந்து ஓரத்தில் விரிசல் விடும். அறிவிப்புக்கும் நாதஸ்வரத்துக்கும் துணியே போதும். ஃபெரோஃப்ளூயிட் (காந்தத்தில் ஒட்டிக்கொள்ளும் எண்ணெய்) ஊற்றும் யோசனை வேண்டவே வேண்டாம். அதற்கென்று வடிவமைக்காத இடுக்கில் அது நாளடைவில் கெட்டித்துக் காயிலைப் பிடித்துக்கொள்ளும்.

மாட்டும்போது குழாயின் வாய் சற்றே கீழ்நோக்கி இருக்கட்டும், மழைத்தண்ணீர் உள்ளே போகாது. திருகுமரையில் உள்ள ரப்பர் வளையம் காய்ந்து இறுகியிருந்தால் மாற்றுங்கள், காற்றுக் கசிந்தால் விசில் அடிக்கும். ஒரே திசையில் இரண்டு குழாய் கட்டினால், இரண்டுக்கும் நடுவில் நின்று பேச்சைக் கேளுங்கள். குரல் மெலிந்து கேட்டால் ஒரு யூனிட்டின் இரண்டு வயரையும் மாற்றிப் போட வேண்டும்.