பறவை பார்க்கப் போன பட்டாளம்

எங்கள் தெருவில் இந்தப் பறவை பார்க்கும் பழக்கத்தைத் தொடங்கி வைத்தவர் பாங்க் சார். ஓய்வு பெற்ற கையோடு ஒரு பைனாகுலர் வாங்கினார். அதை மாட்டிக்கொண்டு அவர் மொட்டைமாடியில் நிற்க ஆரம்பித்ததும், எதிர்வரிசையில் இரண்டு வீட்டுக்காரர்கள் ஜன்னலுக்குப் புதிதாகத் திரை போட்டார்கள். "தம்பி, இவரை எங்கேயாவது வெளியில கூட்டிட்டுப் போங்க" என்று அவர் வீட்டம்மாவே எங்களிடம் கேட்டுக்கொண்டார். அப்படித்தான் மதுரை கே.புதூரிலிருந்து அரிட்டாபட்டிக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் பயணம் முடிவானது.

அரிட்டாபட்டி லேசுப்பட்ட ஊர் இல்லை. 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அரசு அறிவித்த இடம். ஏழு குன்றுகள், எங்கு பார்த்தாலும் சுனைகள், கண்மாய்கள், சுமார் 250 வகைப் பறவைகள். லகர் வல்லூறு, ஷாஹீன் வல்லூறு, போனெல்லிக் கழுகு என்று பெரிய கைகளெல்லாம் அந்தப் பாறைகளில் குடியிருக்கின்றன. டங்ஸ்டன் சுரங்கம் வருகிறது என்றதும் 2024 கடைசியில் சுற்றுப்பட்டு ஊர்களெல்லாம் தெருவுக்கு வந்ததும், அடுத்த ஜனவரியில் அந்தச் சுரங்கத்துக்கு விட்ட ஏலம் ரத்தானதும் மதுரைக்காரர்களுக்கு நினைவிருக்கும். "போராடிக் காப்பாத்துன மலையை நேர்ல பார்க்காம இருக்கலாமா?" என்றார் சித்தப்பா. போராட்டத்துக்கு அவர் போகவில்லை. வாட்ஸ்அப்பில் ஸ்டேட்டஸ் வைத்திருந்தார்.

முதல் நாள் இரவே பாங்க் சார் குழுவில் விதிகளைப் போட்டார். பளிச்சென்று உடுத்தக் கூடாது, சென்ட் கூடாது, பேசவே கூடாது. காலை ஐந்து மணிக்கு சித்தப்பா ஆரஞ்சு நிற டீஷர்ட்டில் ஜவ்வாது மணக்க வந்து நின்று, "எல்லாரும் வந்தாச்சா?" என்று தெரு முழுக்கக் கேட்கும்படி விசாரித்தார்.

விடிவதற்குள் போய்ச் சேர வேண்டும் என்பது திட்டம். மாட்டுத்தாவணியில் டீ குடித்தோம். வெறும் வயிற்றில் மிதிக்கக் கூடாது என்று மெஸ் அண்ணன் சொன்னதால் ஒத்தக்கடையில் பருத்திப்பால். யானைமலை மேல் வெயில் ஏறியபோது நாங்கள் இரண்டாவது கிளாஸில் இருந்தோம். அப்புறம் நான்கு வழிச்சாலை, எதிர்காற்று, லாரிகள். ஷாஹீன் இரையைக் கண்டு பாயும்போது மணிக்கு 300 கிலோமீட்டரைத் தாண்டும் என்று பாங்க் சார் மூச்சு வாங்கிக்கொண்டே விளக்கினார். அந்த நேரத்தில் வைக்கோல் கட்டு ஏற்றிய ஒரு டிவிஎஸ் எக்ஸெல் எங்களை நிதானமாக முந்திப் போனது.

ஆனைகொண்டான் கண்மாய்க் கரையில் ஏறியதும் நிஜமாகவே எல்லோருக்கும் வாயடைத்துவிட்டது. முக்குளிப்பான் ஒன்று முங்கி, நாங்கள் பார்த்துக்கொண்டிருந்த இடத்தை விட்டுவிட்டு வேறெங்கோ எழுந்தது. கம்பியில் பஞ்சுருட்டான்கள். சேற்று நிறத்தில் ஒரு மடையான் நிற்பதே தெரியாமல் நின்று, பறந்தபோது வெள்ளை வெளேரென்று ஆனது. அதைக் கண்டதும் சித்தப்பாவால் அடக்க முடியவில்லை. "அடடே, கொக்குடா!"

அவ்வளவுதான். கீழே எங்கோ தரையில் இருந்த ஆட்காட்டி ஒன்று கிளம்பிவிட்டது. வெறும் தரையில் முட்டையிடும் பறவை அது. ஆள் நடமாட்டம் என்றால் ஊரைக் கூட்டாமல் விடாது. எங்கள் தலைக்கு மேலேயே சுற்றிச் சுற்றிக் கத்தியது. நாரை, நீர்க்காகம், கொக்கு என்று கண்மாயில் இருந்ததெல்லாம் எழுந்து அக்கரைக்குப் போய்விட்டன. கூடவே கரையோரம் மேய்ந்துகொண்டிருந்த ஆடுகளும் மிரண்டன.

"ஏஞ்சாமி, எங்கிட்டிருந்து வர்றீக? நீங்க கத்த, அது கத்த, எங் குட்டி ரெண்டும் அங்கிட்டு ஓடுது பாருங்க" என்றார் ஆடு மேய்த்த அம்மா. நியாயமான பேச்சு. ஜிம் தம்பி ஹெல்மெட், கையுறை சகிதம் கருவேலங்காட்டுக்குள் சைக்கிளை விட்டான். குட்டிகள் கிடைத்தன, இரண்டு டயரும் பஞ்சர். மற்றவர்களும் ஆளுக்கொரு பக்கம் மறித்து, "பா... பா..." என்று கூப்பிட்டு அலைந்தோம். பாங்க் சார் பைனாகுலரால் ஆட்டைத் தேடினார். அன்றைக்கு அது முழுதாகப் பயன்பட்டது அப்போதுதான்.

வியர்த்து வழியத் திரும்பி வந்தால், மெஸ் அண்ணன் கரையில் உட்கார்ந்து இட்லிப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார். "நீங்க போனதும் பெருசா ஒண்ணு பாறை மேலருந்து வந்துச்சுண்ணே. வயிறு வெள்ளை. நேரா நம்ம தலைக்கு மேல ரெண்டு சுத்து. இதைத்தான் தேடிட்டு வந்தீங்களா?"

பாங்க் சார் கொஞ்ச நேரம் சட்னியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, ஒருத்தர் மட்டும் பார்த்ததைப் பட்டியலில் ஏற்ற முடியாது, இரண்டாவது சாட்சி வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னார். முப்பது வருஷம் காசோலை பார்த்த மனுஷன். மெஸ் அண்ணனுக்கு அதில் வருத்தமே இல்லை. அடுத்த இட்லிக்குப் போய்விட்டார்.

குயில் மட்டும் சிக்கலில்லாமல் பட்டியலில் ஏறியது. குரலைக் கேட்டுப் பெயர் சொல்லும் செயலியே குயில் என்று காட்டிவிட்டதே! புளியமரத்துக்குப் பின்னால் நின்று கூவியது சித்தப்பாதான் என்பதை பாங்க் சாரிடம் இதுவரை யாரும் சொல்லவில்லை.